பாடபேதம்: ஒரே கனவின் இரண்டு குறிப்புகள்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கனவு. கண்டவன் நான், எழுதி வைத்தவன் நான், இப்போது அதைக் கூறுபோட உட்கார்ந்திருப்பவனும் நானே. ஆய்வு என்று பார்த்தால் இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. ஆனால் கனவுக்கு வேறு சாட்சியை அழைக்க வழியில்லை. இருக்கிற ஒரே சாட்சியும் சம்பவ நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்.

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. மூலப்படியை ஒரு பக்கமும் அச்சுப்படியை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, எங்கே எழுத்து மாறியிருக்கிறது, எங்கே ஒரு வரி விழுந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. இந்தக் கனவுக்கும் என்னிடம் இரண்டு படிகள், பதிப்பாளர் மொழியில் சொன்னால் இரண்டு பாடங்கள், இருக்கின்றன. முதலாவது, விழித்தவுடன் விடிகாலை 5.41 மணிக்கு எழுதியது. இரண்டாவது, அன்று இரவு 8.10 மணிக்கு, காலைக் குறிப்பைப் புரட்டிப் பார்க்காமல், நினைவிலிருந்து மட்டும் எழுதியது. வேடிக்கைக்காகத்தான் இரண்டாவதை எழுதினேன். ஒப்பிட்டுப் பார்த்தபோது வேடிக்கை போய்விட்டது. வேறுபட்டிருந்தவை சில்லறை விவரங்கள் என்றால் விட்டிருப்பேன். கனவுக்குள் நான் எவ்வளவு விழிப்போடு இருந்தேன் என்ற இடத்தில்தான் இரண்டு படிகளும் பிரிந்து நின்றன.

பின்னணி

40 வயது வரை “எனக்குக் கனவே வருவதில்லை” என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். படுத்தால் கட்டைபோலத் தூங்குபவன் என்று அதில் ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமைக்கு அடிப்படை இல்லை என்பது நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்துபோன விஷயம். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும், தூங்குபவரின் கண்கள் மூடிய இமைக்குள் அவ்வப்போது விறுவிறுவென்று ஓடுவதைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். கண்கள் இப்படி விரைந்து அசையும் தூக்கக் கட்டத்தையே ரெம் (REM, rapid eye movement) தூக்கம் என்கிறோம். 1957-இல் வில்லியம் டிமென்ட்டும் கிளைட்மனும் தந்த கணக்குப்படி, அந்த நேரம் பார்த்து எழுப்பியபோது ஏறத்தாழ 80 சதவீதம் தடவை கையும் களவுமாக ஒரு கனவு பிடிபட்டது. ரெம் இல்லாத தூக்கத்திலும் கனவு உண்டு என்பது பின்னால் தெளிவானது. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ரெம் திரும்பத் திரும்ப வருகிறது. விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. எனக்கும் ஒவ்வோர் இரவும் கனவு வந்திருக்கும். காலையில் எதுவும் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

மிஞ்சாததற்குக் காரணம் என் கவனக்குறைவு என்று முதலில் நினைத்தேன். பாதிதான் சரி. விழித்திருக்கும்போது ஓர் அனுபவத்தை மனதில் பதியவைக்க உதவும் வேதிப்பொருள்களில் ஒன்று நார்அட்ரினலின். அதைச் சுரக்கும் மூளைத்தண்டு நரம்புத்திரள் ரெம் தூக்கத்தில் ஏறத்தாழ மௌனமாகிவிடுகிறது. எழுதுகோல் ஓடுகிறது, மை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 2019-இல் வெளியான ஓர் எலி ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் ரெம் நேரத்தில் சுறுசுறுப்பாகும் சில நரம்பணுக்கள், நினைவு பதியும் இடமான ஹிப்போகேம்பஸில் பதிவை அழிக்கும் வேலையைச் செய்வதாக அது காட்டியது. ரெம் நேரத்தில் மட்டும் அந்த அணுக்களை முடக்கி வைத்தபோது எலிகளின் நினைவு மேம்பட்டது. மறதி வெறும் பற்றாக்குறையாக இல்லாமல், ஆள் வைத்துச் செய்கிற துப்புரவு வேலையாகவும் இருக்கலாம்.

அப்படியானால் சிலருக்கு மட்டும் எப்படி நினைவிருக்கிறது? பிரான்சின் லியோன் நகர ஆய்வுக்குழு ஒன்று 2013-இல் தந்த விடை சாதாரணமானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. கனவுகளை அடிக்கடி நினைவுகூர்பவர்கள் இரவில் மொத்தம் ஏறத்தாழ 30 நிமிடம் விழித்திருக்கிறார்கள். மற்றவர்கள் அதில் பாதி. சின்னச் சின்ன விழிப்புகளில்தான் கனவு மறுகரைக்குக் கடத்தப்படுகிறது. கட்டைபோலத் தூங்குபவனுக்குப் படகு கிடையாது.

பிறகு நோட்டும் பென்சிலும் தலைமாட்டுக்கு வந்தன. விழித்ததும் உடம்பை அசைக்காமல், கண்ணைத் திறக்காமல், கடைசியாகக் கண்டதிலிருந்து பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போவது என் முறை. புரண்டு படுத்தால் போச்சு. அலாரம் அலறினால் அதைவிட மோசம். மூன்றாவது வாரத்தில் முதல் முழுக் கனவு கிடைத்தது. அது ஒரு பூட்டைப் பற்றியது, இங்கே தேவையில்லை.

அன்றைய இரவு

கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்திருப்பதை லூசிட் கனவு என்கிறார்கள். அந்தப் பெயரைப் பரவச் செய்தவர் டச்சு மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரடெரிக் வான் ஈடன். 1913-இல் வெளியிட்ட கட்டுரையில், 1898 முதல் 1912 வரை தாம் கண்ட அத்தகைய 352 கனவுகளைக் கணக்குக் காட்டினார். அதை வரவழைக்க இன்று புழக்கத்தில் இருக்கும் பயிற்சிகளில் முக்கியமானது அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் லபெர்ஜ் வகுத்தது. விடிகாலையில் எழுந்து, சற்று நேரம் விழித்திருந்து, மீண்டும் படுக்கும்போது ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டும்: “அடுத்த முறை கனவு காணும்போது, இது கனவு என்பதை நினைவில் கொள்வேன்.” வாக்கியத்தைக் கவனியுங்கள். அறிவேன், உணர்வேன் என்றெல்லாம் இல்லை. நினைவில் கொள்வேன் என்கிறது. கடைத்தெருவுக்குப் போகும்போது கடிதத்தைத் தபாலில் போட மறக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வோமே, அதே வகை நினைவு. பயிற்சி முழுக்க அந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது.

4.30-க்கு எழுந்தேன். 20 நிமிடம் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே படுத்தேன். கனவென்று தெரிந்துவிட்டால் செய்வதற்கு ஒரு வேலையும் குறித்து வைத்துக்கொண்டேன்: கண்களை இடது கோடிக்கும் வலது கோடிக்குமாக நான்கு முறை ஓட்டுவது. அதைப் பதிவு செய்ய என் படுக்கையறையில் எந்தக் கருவியும் இல்லை. இருந்தாலும் வேலை வேலைதான்.

காலைப் பாடம்

5.41-க்கு எழுதியதை ஒரு புள்ளி மாற்றாமல் தருகிறேன்.

“நீள வராந்தா. ஒரு பக்கம் வகுப்பறைகள், கதவு சாத்தி. உள்ளே தேர்வு, எனக்கு இல்லை. பெஞ்சில் அப்பா. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார். வெகு நாளாய் இங்கேதான் இருக்கிறார், நான்தான் வந்து பார்க்கவில்லை. வெட்கம். வார், ஏதோ சரியில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசினோம் (என்ன?). பிறகு, வார் நான் வாங்கியது. அப்பா போன பிறகு. அப்படியானால் கனவு. மிகத் தெளிவு, சுவரில் சுண்ணாம்புப் புள்ளிகூட. குனிந்து மெதுவாக: அப்பா, இது கனவு, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். தலையாட்டினார். ஏதோ செய்ய வேண்டும். என்ன? வராந்தா மங்குகிறது. கைகளைத் தேய்த்தேன். எழுந்து எழுதினேன், பென்சில் முனை உடைந்தது. மறுபடி எழுந்தேன். நோட்டில் ஒன்றுமில்லை.”

இரண்டு விளக்கங்கள் போதும். அப்பா காலமாகி 9 ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கைக்கடிகாரம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பழைய வார் இற்றுப்போனதால் புது வார் மாட்டியவன் நான்.

மாலைப் பாடம்

“பள்ளிக்கூடம் போன்ற கட்டடத்தின் நீண்ட வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். பெஞ்சில் அப்பா அமர்ந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தின் பழுப்பு நிறத் தோல் வாரைப் பார்த்த உடனே, அது அவர் காலத்துக்குப் பின் நான் மாட்டியது என்பது நினைவுக்கு வந்தது. இது கனவு என்று புரிந்துகொண்டேன். அருகில் அமர்ந்து சற்று நேரம் பேசினேன். கண்களை அசைக்க வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் காட்சி மங்கத் தொடங்கியது. அப்பாவிடம் விடைபெற்றேன். கைகளைத் தேய்த்துப் பார்த்தும் கனவு நீடிக்கவில்லை. விழித்து எழுதத் தொடங்கியபோது அதுவும் கனவு என்று தெரிந்தது.”

ஒப்பீடு

இரண்டாவது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. என்னைச் சந்தேகப்பட வைத்தது அதுதான். பழைய சுவடிகளைப் பதிப்பிப்பவர்களிடம் ஓர் எச்சரிக்கை உண்டு: ஒரே வரிக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தால், கரடுமுரடாக இருப்பதையே மூலத்துக்கு நெருக்கமானதாகக் கருது; வழவழப்பாக இருப்பதை இடையில் யாரோ ஒருவர் “திருத்தி”யிருப்பார். இங்கே அந்த இடைப்பட்ட ஆள் யார் என்று தேட வேண்டியதில்லை. பகல் முழுவதும் என் சட்டைக்குள் இருந்தவர்தான்.

முதலில் “உடனே” என்ற சொல். காலையில் வார் இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை “ஏதோ சரியில்லை” என்ற உறுத்தல் மட்டும். நடுவில் உட்கார்ந்து பேச்சு. அதற்குப் பிறகே கனவென்ற முடிவு. மாலையில் இந்த இடைவெளி ஒட்டப்பட்டுவிட்டது. பார்த்தேன், புரிந்துகொண்டேன். துப்பறியும் கதைக்கு அழகான திருப்பம்; நடந்தது அப்படி இல்லை. வான் ஈடன் தம் கட்டுரையில் ஒரு கனவைச் சொல்கிறார். கனவென்று தெரிந்தே ஒரு கண்ணாடிக் கோப்பையை முஷ்டியால் ஓங்கிக் குத்துகிறார், அது உடையவில்லை. சற்றுக் கழித்துத் திரும்பிப் பார்த்தால் உடைந்து கிடக்கிறது, மேடையில் தன் முறையைத் தவறவிட்டுத் தாமதமாக நுழைந்த நடிகனைப் போல. கனவில் பொருள்கள் மட்டும் தாமதமாக வருவதில்லை. புத்தியும் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது என்பதற்கு என் காலைக் குறிப்பு ஒரு சான்று.

அடுத்து, அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. மாலைப் படியில் அது விழுந்துவிட்டது. அதே இடத்தில் “விடைபெற்றேன்” என்று ஒரு கண்ணியமான வாசகம் முளைத்திருக்கிறது. காலைக் குறிப்பில் விடைபெற்றதற்கு ஒரு எழுத்துகூடச் சாட்சி இல்லை. விடைபெற்றிருக்க வேண்டும் என்று பகலில் இருக்கிற மகன் விரும்பியிருக்கிறான். விழுந்துபோன வாசகம்தான் இந்த நிகழ்வின் மிக மதிப்புள்ள வரி என்று நினைக்கிறேன். இது கனவு என்று தெரிந்தவனுக்கு, எதிரே இருப்பவர் தன் மனம் வரைந்த உருவம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அவர் எழுந்து போய் அம்மாவிடம் எதையும் சொல்ல முடியாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு முதலாவது தெரிந்தது, மற்றவை தெரியவில்லை. “இது கனவு” என்பதையே ஒரு குடும்ப ரகசியம் போல அப்பாவின் காதில் போட்டிருக்கிறேன். விழிப்புணர்வு என்பது பொத்தானைத் தட்டினால் அறை முழுவதும் எரிகிற விளக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த வரியைக் காட்டுவேன். தீக்குச்சி வெளிச்சம்தான் அது. கைக்கடிகாரம் தெரிந்தது, பெஞ்சின் மறுமுனை தெரியவில்லை.

மூன்றாவது, கண்ணசைவு. காலையில் “ஏதோ செய்ய வேண்டும். என்ன?” என்று நிற்கிறது. கடமை இருக்கிறது என்பது நினைவில் இருந்தது, என்ன கடமை என்பது இல்லை. ஓர் அறைக்குள் நுழைந்து எதற்கு வந்தோம் என்று விழிப்போமே, அந்த நிலை. மாலையில் அந்த ஓட்டையில் சரியான பதில் நிரப்பப்பட்டிருக்கிறது. பகலில் எனக்குப் பதில் தெரியும், ஆகவே கனவிலும் தெரிந்திருந்ததாக நினைவு சொல்லிவிட்டது.

பழுப்பு நிறம் சின்ன விஷயம். அன்று மதியம் இழுப்பறையைத் திறந்து வாரைப் பார்த்தேன். நிறம் அங்கிருந்து வந்தது. வழக்கறிஞர்கள் இதைச் சாட்சியைக் கலைத்தல் என்பார்கள்.

இல்லாத கடந்தகாலம்

மாலைப் படியில் ஓசையின்றி விழுந்த இன்னொன்றுக்குத் தனி இடம் வேண்டும். “வெகு நாளாய் இங்கேதான் இருக்கிறார், நான்தான் வந்து பார்க்கவில்லை.” இதைக் கனவு எனக்குக் காட்டவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. பெஞ்சில் அப்பாவைப் பார்த்த கணத்தில் எனக்கு அது ஏற்கனவே தெரிந்திருந்தது. ஒன்பது ஆண்டுப் புறக்கணிப்பும் அதற்கான வெட்கமும் முழுதாகத் தயாரித்து, நினைவு என்று முத்திரை குத்தி, கையில் கொடுக்கப்பட்டிருந்தன. கனவைப் பற்றிப் பேசும்போது காட்சிகளின் விநோதத்தையே பேசுகிறோம். பறந்தேன், விழுந்தேன், பாம்பு துரத்தியது என்று. அதைவிடப் பெரிய மோசடி முன்கதையில் நடக்கிறது. வராந்தாவைச் சந்தேகிக்கலாம். சொந்த நினைவை யார் சந்தேகிப்பார்கள்?

இறந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தும் நான் திடுக்கிடாததற்கு இந்தப் போலி நினைவே காரணம் என்பது என் கணிப்பு. கனவு காண்பவன் முட்டாள் இல்லை. கையிலிருக்கும் ஆவணங்களை வைத்துச் சரியாகவே முடிவெடுக்கிறான். ஆவணங்கள்தான் பொய். 1990களின் மூளைப் படங்களும் இதற்கு இசைவாகவே இருக்கின்றன. ரெம் தூக்கத்தில் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகள் சூடாக இயங்க, சரிபார்த்தல், திட்டமிடல் ஆகியவற்றுக்குத் தேவையான முன்நெற்றிப் புறணியின் வெளிப்புறப் பகுதி தணிந்திருக்கிறது. மூளைக் காயத்தால் நினைவிழந்த சிலர், ஓட்டையை நிரப்பக் கதை கட்டி, அதைத் தாங்களே நம்புவதை மருத்துவர்கள் அறிவார்கள். அதற்கு நெருக்கமான ஒன்று ஒவ்வோர் இரவும் நமக்கு நடக்கிறது.

உண்மையான நினைவு கனவுக்குள் வருவதே இல்லையா என்றால், வருகிறது, உடைந்து வருகிறது. 2003-இல் மகதலேனா ஃபாஸும் சக ஆய்வாளர்களும் 299 கனவுக் குறிப்புகளை, கண்டவர்களின் பகல் வாழ்வோடு ஒப்பிட்டார்கள். பாதிக்கும் மேலானவற்றில் பகலின் துணுக்குகள் இருந்தன. ஆனால் ஒரு நிகழ்ச்சி நடந்தது நடந்தபடி, இடத்தோடும் ஆட்களோடும் திரும்பி ஓடியது 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. இன்னும் விசித்திரமான சான்று 2000-இல் வந்தது. ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் சிலரை, விழும் கட்டங்களைப் பொருத்தி அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாட வைத்து, தூக்கம் கவ்வும் வேளையில் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். கட்டங்கள் விழுந்து திரும்பிப் பொருந்துவது தெரிந்தது. விளையாடியவர்களில் புது நினைவே பதியாத மறதி நோயாளிகள் ஐவர் இருந்தார்கள். அவர்களில் மூவருக்கும் கட்டங்கள் விழுந்தன, விளையாடியதே நினைவில்லாமல்! கனவுக்குத் துணுக்கு கிடைத்துவிடுகிறது, அது எங்கிருந்து வந்தது என்ற முகவரிச் சீட்டு கிடைப்பதில்லை.

என் நிகழ்வில் நடந்த அதிசயம், ஒரே ஒரு துணுக்கு முகவரிச் சீட்டோடு வந்ததுதான். வார். நான் வாங்கியது. அப்பா போன பிறகு. மூன்று சொற்றொடர், நிகழ்ந்த இடமும் காலமும் ஒட்டிய ஓர் அசல் நினைவு. அது உள்ளே நுழைந்ததும் போலி முன்கதை சரிந்தது, கனவு கனவாகத் தெரிந்தது. விழிப்புணர்வு முதலில் வந்து அதனால் நினைவு திரும்பியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலைக் குறிப்பின் வரிசை எதிர்த்திசையைக் காட்டுகிறது. நினைவு முன்னால், விழிப்பு பின்னால்.

இதை வேறொரு பக்கத்திலிருந்து தாங்கும் முடிவு ஒன்று உண்டு. கேலண்டமின் என்பது அல்சைமர் நோயில் நினைவுக்காகக் கொடுக்கப்படும் மருந்து. மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் அளவைக் கூட்டுகிறது. 2018-இல் லபெர்ஜும் சக ஆய்வாளர்களும் 121 பேரிடம், விடிகாலை விழிப்போடும் மேற்சொன்ன பயிற்சியோடும் சேர்த்து இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த இரவில் 14 சதவீதம் பேருக்கும், 4 மில்லிகிராம் எடுத்தபோது 27 சதவீதம் பேருக்கும், 8 மில்லிகிராம் எடுத்தபோது 42 சதவீதம் பேருக்கும் லூசிட் கனவு வாய்த்தது. கனவு காண்பதற்காக மருந்துச் சீட்டு கேட்டு நிற்காதீர்கள்; அது நோயாளிகளுக்கான மருந்து, பக்கவிளைவுகள் உள்ளது. விடிகாலை அலாரம்கூட அடிக்கடி வைத்தால் தூக்கத்தைக் கெடுக்கும். நான் வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் வைப்பதில்லை.

நினைவைச் சாராத சாட்சி

இதுவரை சொன்னவை எல்லாம் நினைவுகூர்ந்து எழுதிய குறிப்பின் மேல் கட்டியவை. 5.41-க்கு எழுதியதும் நினைவுதான். சில நிமிடங்கள் பழையது என்பது மட்டுமே அதன் தகுதி. கனவு என்று ஒன்று தூக்கத்தில் நடக்கவே இல்லை, விழிக்கும் கணத்தில் நினைவாக மட்டும் தயாராகிறது என்று ஒருவர் வாதிட்டால்?

வாதிட்டிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் மோரி ஒரு கனவைப் பதிவு செய்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலம், விசாரணை, தண்டனை, தலை வெட்டும் கருவியான கில்லட்டின் நிற்கும் மேடை. கத்தி கழுத்தில் விழ, விழித்தார். கட்டில் சட்டம் கழன்று கழுத்தில் விழுந்திருந்தது. விழுந்த சட்டத்துக்கு முன்பே அத்தனை நீளக் கதை எப்படித் தயாராக இருந்தது? கதை முழுவதும் சட்டம் விழுந்த பிறகு கணநேரத்தில் உண்டானது என்று பலர் விளக்கினார்கள். தத்துவ அறிஞர் டேனியல் டென்னட் 1976-இல் இன்னும் துணிந்து, கனவு அனுபவமே இல்லாமல் கனவு நினைவு மட்டும் மூளையில் செருகப்படலாம் என்ற சாத்தியத்தை முன்வைத்தார். ஊமை கண்ட கனவு என்பார்கள். கண்டானா என்பதே கேள்வியாகிவிட்டது.

அந்த ஊமைக்கு ஒரு வழி திறந்திருந்தது. ரெம் தூக்கத்தில் உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கும், கனவில் ஓடினால் கட்டிலில் ஓடாதிருக்க. கண் தசைகளுக்கு இந்தப் பூட்டு இல்லை. 1975 ஏப்ரல் 12 காலை, இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, ஆலன் வோர்ஸ்லி என்பவர் லூசிட் கனவுக்குள் இருந்தபடி, முன்பே பேசி வைத்த மாதிரி கண்களை இடம் வலமாக ஓட்டினார். பதிவுத் தாளில் முட்கள் அதை வரைந்தன. இதை அறியாமலே ஸ்டான்ஃபோர்டில் லபெர்ஜ் அதே முறையைக் கண்டடைந்து 1981-இல் வெளியிட்டார். கனவில் பத்து வரை எண்ணி, தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணால் குறிகாட்டச் சொன்னபோது, விழிப்பில் எண்ண ஆகும் நேரமே ஏறத்தாழ ஆனது. கனவு கணநேரத் தயாரிப்பு இல்லை என்பதற்கு இது நேரடிச் சான்று. நான் மறந்த அந்த வேலையின் மதிப்பு இதுதான்: தாளில் விழும் கோட்டை மாலையில் யாரும் திருத்தி எழுத முடியாது.

2012-இல் மார்ட்டின் ட்ரெஸ்லர் குழுவினர் மூளைப் படக் கருவிக்குள் ஒரு லூசிட் கனவைப் பிடித்தபோது, சாதாரண ரெம் தூக்கத்தில் தணிந்திருக்கும் முன்நெற்றிப் பகுதிகளும், தன்னைப் பற்றிய நினைப்போடு தொடர்புடைய பிரிகூனியஸ் என்ற பகுதியும் கூடுதலாக இயங்கியது தெரிந்தது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இந்த ஆய்வும் ஒரே ஒருவரின் நிகழ்வு ஆய்வுதான். எனக்கு அதில் சிறு ஆறுதல்.

2021-இல் நான்கு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து வெளியிட்ட முடிவு என் இரண்டு பாடங்களுக்கு மிக நெருக்கமானது. 36 பேரில் லூசிட் கனவு வாய்த்தவர்களிடம், அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கேள்வி கேட்டார்கள். ஓர் இளைஞரிடம் எட்டில் ஆறு போனால் என்ன என்றபோது, அவர் கண்களை இரண்டு முறை இடம் வலமாக ஓட்டினார். 158 முயற்சிகளில் 18.4 சதவீதம் சரியான விடை; பாதிக்கு மேல் பதிலே இல்லை. விழித்த பிறகு சொன்ன கதைகள் சில இடங்களில் பதிவோடு ஒத்துப்போகவில்லை. கனவுக்குள் கணக்கைச் சரியாகப் போட்டவர், எழுந்ததும் கேட்கப்பட்ட கணக்கையே வேறாக நினைவுகூர்ந்தார். அவருக்கு அச்சுப்படியைச் சரிபார்க்க ஒரு மூலப்படி ஆய்வகத்தில் இருந்தது. எனக்கு இருந்தது முனை உடைந்த பென்சில்.

அந்தப் பென்சிலைப் பற்றி ஒரு வார்த்தை. போலி விழிப்பு என்பது கனவு நோட்டு வைத்திருப்பவர்களுக்குப் பழகிய தொல்லை. எழுந்து, நோட்டை எடுத்து, சிரத்தையாக இரண்டு பக்கம் எழுதி முடித்து, பிறகு உண்மையாகவே விழித்தால் வெற்றுத்தாள். அன்று ஒரு நிமிடத்துக்கு முன்பு “இது கனவு” என்று தெரிந்திருந்தவன், அடுத்த கனவில் நுழைந்ததும் துளிச் சந்தேகமின்றி எழுத உட்கார்ந்துவிட்டேன். வாரோடு வந்த நினைவு வராந்தாவோடு போய்விட்டது. புது அறைக்குப் புது முன்கதை: நீ விழித்துவிட்டாய்.

பின்குறிப்பு

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று கனவில் கேட்டுக்கொண்டவன், மறுநாளே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காலைக் குறிப்பை வாசித்துக் காட்டினேன், அவரைப் பற்றிய வரியையும் விடாமல். அதற்குச் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்து கேட்டார்: “கடிகாரம் ஓடியதா?”

இரண்டு குறிப்புகளையும் புரட்டினேன். சாவி கொடுக்கிறார் என்று காலையில் இருக்கிறது, மாலையிலும் அதேதான். முள் நகர்ந்ததா, நின்றதா என்று இரண்டிலும் இல்லை. “தெரியவில்லை அம்மா” என்றேன்.

அவர் கேட்ட கணத்திலிருந்து அந்தக் கடிகாரத்தில் விநாடி முள் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடினால் தெளிவாகத் தெரிகிறது. அப்பாவின் கட்டைவிரல் நகத்துக்குக் கீழே, மெல்லிய கருப்பு முள். 5.41-க்கு அது இல்லை. 8.10-க்கும் இல்லை. நோட்டில் மூன்றாவதாக ஒரு தேதி போட்டு அதையும் எழுதி வைத்திருக்கிறேன்: “விநாடி முள் ஓடுகிறது. அம்மா கேட்ட பிறகு.”